புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் அக்கித் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களும், சிகிச்சையை முடித்தவர்களும் அக்கித் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? ஏற்கெனவே நொந்துபோன உடம்பு அதைத் தாங்குமா?"

பெரும்பாலானவர்கள் போட்டுக்கொள்ளலாம். இரத்தப் புற்றுநோய் வகைகளில் ஏதேனும் ஒன்று வந்தவர்கள், மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டாலும் இதைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் "போடலாமா" என்று மட்டும் கேட்டால் ஒரு தலையசைப்போடு பேச்சு முடிந்துவிடும். "என் சிகிச்சை அட்டவணையில் எந்த வாரத்தில் போடுவது நல்லது" என்று கேட்டால்தான் உபயோகமான பதில் வரும். நான் மருத்துவன் அல்லன். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குச் சென்னையில் சிகிச்சை பெற்று, என்னுடைய ஸ்டெம் செல்களையே எடுத்துத் திரும்ப ஏற்றும் மாற்றுச் சிகிச்சையும் முடித்து, இப்போது பராமரிப்பு மாத்திரையில் இருப்பவன். இந்தத் தடுப்பூசியின் இரண்டு தவணைகளையும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிறு வயதில் சின்னம்மை வந்து ஆறினாலும் அதை உண்டாக்கிய வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அது பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. அது மீண்டும் விழித்தெழுந்தால் வருவதுதான் அக்கி. அதை அடக்கி வைத்திருக்கும் பொறுப்பு பெரும்பாலும் டி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களுடையது. முதுமையில் அவற்றின் வலு குறைவதால்தான் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் அக்கி அதிகமாகத் தென்படுகிறது. புற்றுநோயும் அதற்கான மருந்துகளும் அந்த முதுமையை முன்கூட்டியே கொண்டுவந்துவிடுகின்றன. என் நோய்க்கு வயிற்றுத் தோலில் வாரந்தோறும் போடப்படும் போர்டிசோமிப் ஊசி இதற்கு நன்கு தெரிந்த சான்று: அந்த மருந்தை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில், போர்டிசோமிப் பெற்றவர்களில் 13 விழுக்காட்டினருக்கும், டெக்ஸாமெத்தசோன் மட்டும் பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் அக்கி வந்தது. அதனால்தான் மைலோமா நோயாளிகளின் மருந்துச் சீட்டில் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் நாளிலிருந்தே இடம்பெறுகிறது.

அந்த மாத்திரையைப் பலர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். காலையும் மாலையும் ஒரு கைப்பிடி மாத்திரை விழுங்குகிறவர், "இது எதற்கு, எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று முதலில் கைவிடுவது இதைத்தான். எங்கள் பகல்நேரச் சிகிச்சை வார்டில் பழக்கமான ஒரு பெரியவர் அப்படி நிறுத்தினார். சில வாரங்களில் அவருக்கு விலா எலும்பை ஒட்டி எரிச்சலும் குத்தலும் தொடங்கின. மைலோமாக்காரருக்கு விலாவில் வலி என்றால் எல்லோரும் முதலில் எலும்பைத்தான் சந்தேகிப்பார்கள். அவருக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள், எலும்பில் புதிதாக எதுவும் தெரியவில்லை. அதற்கும் பிறகுதான் முதுகிலிருந்து மார்பு நோக்கி, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாகக் கொப்புளங்கள் எழும்பின. அக்கியில் தடிப்புக்கு முன்பே வலி வந்துவிடுவது வழக்கம் என்பதைப் புற்றுநோய் வீட்டில் இருப்பவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

நம் ஊரில் இன்னொரு தாமதமும் சேர்ந்துகொள்கிறது. உடம்புச் சூடு, பூச்சி பட்டது என்று சொல்லி, செங்காவி குழைத்து அக்கி எழுதுகிற குயவர் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். காவி பூசுவதால் தோலில் சற்றுக் குளிர்ச்சி இருக்கும். அக்கியும் சாதாரண மனிதருக்கு இரண்டு, நான்கு வாரங்களில் தானாக ஆறிவிடும் என்பதால் அந்த வழக்கத்தின் மீது நம்பிக்கை நிலைத்திருக்கிறது. அதைக் கேலி செய்ய நான் விரும்பவில்லை. ஆனால் வைரஸ் எதிர்ப்பு மருந்து, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவருக்கு அக்கி ஒரு பட்டையோடு நிற்காமல் உடல் முழுவதும் பரவலாம், நுரையீரலையும் மூளையையும்கூடத் தாக்கலாம். எனவே அந்த மூன்று நாட்களை வேறெங்கும் செலவிட முடியாது. கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலி வேறு இருக்கிறது. நான் குறிப்பிட்ட பெரியவர் சட்டைத் துணி உரசுவதைக்கூடத் தாங்க முடியாமல் வீட்டில் மேல்துண்டோடு இருந்தார். புற்றுநோயைவிட இதுதான் தம்மை வாட்டுகிறது என்றும் சொன்னார்.

இனித் தடுப்பூசிக்கு வருகிறேன். "கீமோ எடுப்பவர்கள் அக்கி ஊசி போடக் கூடாது" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜோஸ்டாவாக்ஸ் என்ற பழைய தடுப்பூசியில் வலுவிழக்கச் செய்யப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ் இருந்தது. எதிர்ப்பு ஆற்றல் இல்லாத உடலில் அந்த வைரஸே பெருகி நோயாகிவிடக்கூடும் என்பதால் அது புற்றுநோயாளிகளுக்கு விலக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் விற்பனை 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது.

இப்போது போடப்படும் ஷிங்ரிக்ஸில் வைரஸே கிடையாது. வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஒரே ஒரு புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்து, எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டிவிடும் துணைப்பொருளோடு கலந்து தருகிறார்கள்; அந்தத் துணைப்பொருளின் ஒரு பகுதி சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. பெருகுவதற்கு எதுவும் இல்லாததால் இந்த ஊசியால் அக்கி வராது. அமெரிக்காவில் 2017-ல் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 2021-ல் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்த 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் இது அனுமதிக்கப்பட்டது. ஆகவே அன்றைய "கூடாது" என்ற அறிவுரை, எந்த மக்களைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டதோ அதே மக்களுக்குத்தான் இன்று இந்தப் புதிய ஊசி குறிப்பாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு: உயிருள்ள வகை உலகிலிருந்து முற்றிலும் மறையவில்லை; தென்கொரியாவிலும் சீனாவிலும் அந்த வகையில் தயாரான அக்கித் தடுப்பூசிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் போட்டுக்கொள்ள நேர்ந்தால் எந்த வகை என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பலன் தரும் என்பதில் மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். நல்ல உடல்நிலையில் இருந்த, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் இது 97 விழுக்காடு அக்கியைத் தடுத்தது. என்னைப் போல் தம் ஸ்டெம் செல்லையே திரும்பப் பெற்றவர்களிடம் நடந்த ஆய்வில் அந்த அளவு 68 விழுக்காடாகக் குறைந்தது. முதல் எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டாவது ஆய்வில் முதல் தவணை, மாற்றுச் சிகிச்சை முடிந்து 50 முதல் 70 நாட்களுக்குள் போடப்பட்டது; எதிர்ப்பு ஆற்றல் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து முளைத்துவரும் காலம் அது. அந்த நிலையிலும் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்புக் கிடைத்தது என்பது என் கணக்கில் சிறிய செய்தியல்ல.

எப்போது போடுவது என்பதுதான் பேசித் தீர்க்க வேண்டிய பகுதி. சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை என்றால், மருந்து உடலைத் தளர்த்துவதற்கு முன்பே முதல் தவணையைப் போட்டுவிடுவது மிகச் சிறந்தது. மார்பகம், குடல் போன்ற உறுப்புகளில் கட்டி வந்தவர்களிடம் நடந்த ஆய்வில், கீமோவுக்குச் சில நாட்களாவது முன்பு முதல் ஊசி பெற்றவர்களின் உடல், கீமோ தொடங்கிய வேளையில் பெற்றவர்களின் உடலைவிட வலுவான எதிர்வினை காட்டியது. ஆனால் தடுப்பூசிக்காகப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. தொடங்கிவிட்டவர்கள், எதிர்ப்பு ஆற்றல் ஓரளவு மீண்டிருக்கும் இடைவெளியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ரிட்டுக்ஸிமாப் மருந்து பெறுகிறவர்களுக்கு, அடுத்த தவணைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்னதாகத் தடுப்பூசி போடுவதை அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. சொந்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 3 முதல் 12 மாதம் கழித்து, பிறருடைய செல்லைப் பெற்றவர்களுக்கு 6 முதல் 12 மாதம் கழித்து என்றும் அது கூறுகிறது. இரண்டாவது தவணை பொதுவாக 2 முதல் 6 மாத இடைவெளியில் போடப்படும். எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்கு அதை 1 முதல் 2 மாதத்திலேயே முடித்துவிடலாம்.

தடுப்பூசி போட்டாயிற்று என்பதற்காக அசைக்ளோவிரை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறு செய்வதில்லை. மாத்திரை நிற்கும் நாளுக்குள் தடுப்பூசியின் பாதுகாப்பு தயாராகிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் இரத்தவியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு: தாங்கும், ஆனால் சும்மா விடாது. இது நோகிற ஊசி. முதல் தவணைக்குப் பிறகு என் கை தோள் வரை கனத்து வலித்தது. இரண்டாவது தவணையின் இரவில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வந்து, மறுநாள் முழுவதும் படுத்தே இருந்தேன். அதற்கடுத்த நாள் எழுந்துவிட்டேன். பலருக்கும் இவ்வளவுதான். ஆனால் நமக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. கீமோவுக்குப் பிறகு, பல மருந்துகளில் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள், வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த வேளையில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே நாட்களில் தடுப்பூசியும் போட்டிருந்தால், "ஊசிக் காய்ச்சல்தான், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். அது இரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றாக இருந்தால் அந்த ஓர் இரவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். வெள்ளையணு எண்ணிக்கை குறைந்திருக்கும் வாரத்தைத் தவிர்த்து நாள் குறிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. எப்போது போட்டிருந்தாலும், எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது வரும் காய்ச்சலைத் தடுப்பூசியின் கணக்கில் எழுதாதீர்கள்.

சில நடைமுறை விஷயங்களும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றியவர்கள் மற்றக் கையில் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டி, அது பெட் ஸ்கேனில் ஒளிர்ந்து வீண் பீதியைக் கிளப்பலாம் என்பதால், ஸ்கேன் நெருங்கியிருந்தால் அதை முடித்துவிட்டுப் போட்டுக்கொள்வதும், போட்டுக்கொண்ட தேதியையும் கையையும் ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்வதும் நல்லது. தசையில் போடும் ஊசி என்பதால், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகக் குறைவாக இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நரம்புகளைத் தாக்கித் தசைகளை வலுவிழக்கச் செய்யும் கில்லன் பாரே என்ற நோயைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்து லட்சம் தவணைகளுக்கு ஏறத்தாழ மூன்று பேர் என்ற அளவில் அது கூடுதலாகக் காணப்பட்டது. முன்பு அந்த நோய் வந்தவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எளிதாகிவிடுகிறது. ஐம்பதைக் கடந்திருந்தால், புற்றுநோய் வந்ததோ இல்லையோ, இந்த ஊசிக்கு உரிய வயதுதான். முன்பே அக்கி வந்துவிட்டது என்பதும் தடையல்ல. மீண்டும் வரலாம் என்பதால், கொப்புளங்கள் ஆறிய பின் போட்டுக்கொள்ளலாம். அக்கி இருக்கும்போதே போட்டால் அதைக் குணப்படுத்தாது. சின்னம்மையே வந்ததில்லை, அதற்குத் தடுப்பூசியும் போட்டதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு இது சின்னம்மைத் தடுப்பூசிக்கு மாற்றாகாது. அவர்கள் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

விலைதான் உறுத்துகிறது. இந்தியாவில் 2023-ல் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென அறிமுகமான இந்த ஊசி, ஒரு தவணைக்குப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஆகிறது. இரண்டு தவணையும் கைக்காசு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் எதிர்ப்பு ஆற்றல் கடுமையாகக் குறைந்தவர்களுக்கு அரசே இலவசமாகப் போடுகிறது. அங்கே இருக்கும் நம்மவர்கள் தங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டால் போதும். இங்கே, கீமோவுக்கே நகையை அடகு வைத்த குடும்பத்திடம் இதையும் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் அசைக்ளோவிரை ஒரு வேளையும் விடாமல் எடுத்துக்கொள்வதும், ஒரு பக்க எரிச்சலையும் கொப்புளத்தையும் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வருவதும் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு. வாங்க முடிந்தவர்கள், மருத்துவமனையின் மருந்தகத்திலேயே வாங்கி அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டிய மருந்து இது; வெளிக்கடையில் வாங்கினால் ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் எடுத்துவர வேண்டும். பெட்டியில் தூள் ஒரு குப்பியிலும் அதைக் கரைக்கும் திரவம் இன்னொன்றிலும் இருக்கும் என்பதால், இரண்டையும் கலந்துதான் போடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதில் தவறில்லை.