அப்பாவின் ரிவோல்வருக்கு யார் வாரிசு?

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் எழுதியதன் சுருக்கம்: அப்பா செத்து மூன்று வருஷம். அவர் அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்த மலிவான பழைய ரிவோல்வர் அலுமாரியில் துருவேறிக் கிடந்தது. வேலை பழகலாமென்று வீட்டிலேயே கழற்றி, துரு எடுத்து, புதுசாகக் கறுப்பு நிறம் ஏற்றுகிறார். கனடாவில் இருக்கும் அண்ணர் அது தன் பங்கு என்கிறார், தராவிட்டால் பொலிஸுக்குச் சொல்வாராம். யாருக்கு உரிமை?

உங்கள் இரண்டு பேருக்குமே இல்லை. அப்பாவைக் கடைசிவரை பார்த்தது நீங்கள், அண்ணர் செத்தவீட்டுக்கும் வரவில்லை, எல்லாம் சரி, ஆனால் நீதவானுக்கு அதில் ஒன்றும் தேவைப்படாது. சுடுகலன் அனுமதி ஆளுக்குத்தான், அதுவும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது. காணி மாதிரி பிள்ளைகளுக்கு இறங்காது. ஆக இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது அனுமதியில்லாத துவக்கு. அனுமதி உள்ளவர்களிடமிருந்தே தற்பாதுகாப்புத் துவக்குகளை 2024 நவம்பர் 7க்குள் ஒப்படைக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு திருப்பிக் கேட்டது, உங்களுக்குத் தெரியாதிருக்காது.

எனக்குப் பயம் அந்தப் பழகுகிற வேலையில்தான். "கறள் பிடிச்ச சாமான் சேர், வேலை செய்யாது" என்று வழக்கோடு வந்து நிற்கும் கட்சிக்காரர்கள் அநேகம். அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பது, துவக்கு சுடுமா என்று பரிசோதிக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையில் தங்கியிருக்கிறது. நீங்களோ, இறுகிக் கிடந்த உருளை இப்போது நன்றாகச் சுற்றுகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இருந்த ஒரே வாதத்தை எண்ணெய் போட்டு நீங்களே கழற்றிவிட்டீர்கள். அடுத்தது இலக்கம். துரு போகச் சாண்ட் பேப்பர் போடும்போது துவக்கின் இரும்புச் சட்டகத்தில் அடித்திருக்கும் தொடரிலக்கமும் சேர்ந்து தேயும். கைப்பிடிக்குக் கீழே பாதி அழிந்த இலக்கத்தைப் பார்க்கிற பொலிஸ்காரர் துரு என்று நினைக்கமாட்டார், களவுத் துவக்கு, வேண்டுமென்றே அழித்திருக்கிறான் என்றுதான் எழுதுவார். அது அப்பாவின் பத்திரத்தில் உள்ள துவக்குத்தான் என்று காட்ட உங்களுக்கு இருக்கும் வழியும் அந்த இலக்கம்தான். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வைத்திருப்பதை மட்டுமல்ல, திருத்துவதையும் அனுமதிக்குள் கொண்டுவந்திருக்கிறது. நிக்கல் பூச பஞ்சிகாவத்தைப் பக்கம் கொண்டுபோகலாமா என்று வேறு கேட்கிறீர்கள். ஓட்டோவில் ஒரு சோதனைச் சாவடி தாண்ட வேண்டிவந்தால் போதும், அப்புறம் விளக்கமறியலில்தான் அந்தப் பூச்சைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்குப் போட்ட படங்களை இப்போது அழிக்க வேண்டாம், அது இன்னொரு வில்லங்கம். கையை மட்டும் எடுங்கள். பழைய அனுமதிப்பத்திரத்தையும் மரணச் சான்றிதழையும் தேடி எடுங்கள். தனியாகப் பையில் போட்டுப் பொலிஸுக்குப் போகாதீர்கள். முதலில் சட்டத்தரணி கடிதம் எழுதட்டும், துவக்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பொலிஸார் வந்து பாரமெடுக்கும்படி கேளுங்கள். தோட்டா ஏதும் இருந்தால் மறைக்காமல் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், அதற்குத் தனிக் குற்றச்சாட்டு வரும்.

அண்ணருக்கு இன்றைக்கே ஒரு கோல் எடுங்கள். ஒப்படைக்கப் போகிறேன், உனக்கும் இல்லை எனக்கும் இல்லை என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்துங்கள். அவர் முந்திக்கொண்டால் நீங்கள் ஒப்படைத்தவர் அல்ல, பிடிபட்டவர்.