கிணத்துக்க மினுங்கின கல்லும் மூண்டு லட்சம் கேக்கிற ஆளும்

வவுனியாப் பக்கம் செட்டிகுளத்தில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. கிணறு வெட்டேக்க வெடி வைச்ச இடத்தில மஞ்சளா மினுங்கிற கல்லும் பச்சை படிஞ்ச கொஞ்சக் கல்லும் வந்ததாம், அதைக் கேள்விப்பட்டு ஆரோ ஒருத்தர் ஸ்கேனரோட வந்து பாத்திட்டு செம்பு, வெள்ளி, தங்கம் மூண்டும் கிடக்கு, லைசென்ஸ் எடுக்க மூண்டு லட்சம் தாங்கோ, காணிக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தாங்கோ, பேந்து வெளிநாட்டுக் கம்பெனி வரும் எண்டாராம். குடுக்கலாமோ?

குடுக்காதேங்கோ தங்கச்சி. காசும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். மிச்சத்தை ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல கல்லு. செட்டிகுளம் பக்கம் கிணறு வெட்டினா மினுங்காத கல்லுத்தான் அதிசயம். அங்க கீழ கிடக்கிறது நைஸ் (gneiss) எண்ட உருமாறின பாறை, அதுக்குள்ள கறுப்புக் காக்காப்பொன் நிறையக் கிடக்கும், அது தண்ணி பட்டு உக்க உக்கப் பொன் நிறத்துக்கு வந்திடும். நகத்தால கிளப்பினா தகடு தகடா உரிஞ்சா அது காக்காப்பொன், கதை முடிஞ்சுது. உரியேல்லை, கட்டியா பித்தளை நிறத்தில கிடக்கு எண்டா கத்தியால கீறிப் பாருங்கோ. கத்திக்குக் கீறுப்படாட்டி இரும்பும் கந்தகமும் சேந்த பைரைட், அதுக்கு விலை இல்லை. கீறுப்பட்டு, மாபிள் ஓட்டின்ர பின்பக்கத்துச் சொரசொரப்பில தேய்க்கப் பச்சை கலந்த கறுப்புக் கோடு விழுந்தா செம்புக் கனிமமா இருக்கலாம். தங்கம் எண்டா சுத்தியலால தட்ட நசியும், உடையாது, கோடும் மஞ்சளாத்தான் விழும். பச்சைக் கல்லு பெரும்பாலும் எபிடோட் மாதிரி வேற கனிமம்தான். செம்புக் குடத்தில பிடிக்கிற களிம்பு மாதிரி பச்சை, அதுவும் உடைச்ச கல்லுக்கு உள்ளுக்கயும் வெடிப்பு வழிய கிடந்தா மட்டும் எடுத்து வையுங்கோ.

அடுத்தது, ஏன் வன்னியில செம்பு, வெள்ளி, தங்கம் மூண்டும் சேந்து வராது எண்டு நான் இவ்வளவு துணிவாச் சொல்லுறன். உலகத்தில உந்த மூண்டும் சேந்து வாற பெரிய இடங்களில கனக்க எரிமலை வரிசையளுக்குக் கீழ, சிலி, இந்தோனேசியா, கனடாவின்ர மேற்குக்கரை மாதிரி, நிலத்துக்கு அடியில சில கிலோமீற்றருக்குள்ள சுடுதண்ணி ஏறிப் படிஞ்சது. எங்கட வன்னிப் பாறை எண்டா ஏறக்குறைய 55 கோடி வருசத்துக்கு முன்னால இருபது கிலோமீற்றர் அளவு ஆழத்தில வெந்து உருமாறினது. மேல கிடந்ததெல்லாம் அரிச்சுப் போய் இப்ப நீங்கள் நிக்கிறது அடிப்பாகத்தில. அப்பிடி ஒரு காலத்தில மேல ஏதும் கிடந்திருந்தாலும் அது எப்பவோ கடலுக்குப் போயிட்டுது.

இப்ப ஆராவது சேருவிலைச் செம்பின்ர கதையைக் கொண்டு வருவினம். உந்தத் தரகர்மாருக்கு அந்த ஒரு பேர் போதும், அதை வைச்சே ஊரை வித்திடுவினம், அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில செம்பு கிடக்கிறது உண்மை, 1971 இல புவிச்சரிதவியல் திணைக்களம் கண்டு பிடிச்சது. ஆனா அது செம்பும் மக்னடைட் எண்ட காந்த இரும்புக்கல்லும் சேந்தது, தங்க வயல் இல்லை. இடமும் வன்னிப் பாறைத் தொகுதிக்குள்ள இல்லை, நாட்டின்ர கிழக்கில ஹைலண்ட், விஜயன் எண்டு ரெண்டு பாறைத் தொகுதி முட்டிற எல்லையில. அந்த எல்லை செட்டிகுளத்தால போகேல்லை, அதுக்குக் கிட்டவும் இல்லை. சரி, அங்க கண்டு பிடிச்சு என்ன நடந்தது? அம்பது வருசம் தாண்டிட்டுது, செம்பு வாற ஒரு சுரங்கம் இல்லை. யுத்தம் ஒரு காரணம் எண்டு வைப்பம், யுத்தம் முடிஞ்சு எவ்வளவு காலம்? அரசாங்கம் கண்டு பிடிச்ச, வரைபடத்தில கிடக்கிற இடத்துக்கே இதுதான் கதி, உங்கட கிணத்தடிக்கு அடுத்த மாசம் கம்பெனி வருமாம்!

வெளியில எண்டாலும் ஆறுதலாத்தான் நடக்கிறது. இந்தோனேசியாவின்ர பப்புவாவில எர்ட்ஸ்பெர்க் செம்பு மலையை டோசி எண்ட டச்சுப் புவியியலாளர் பாத்தது 1936 இல, அமெரிக்கக் கம்பெனி ஆள் போய்ப் பாத்தது 1960 இல, சுரங்கம் வேலைக்கு வந்தது எழுபதுகளின்ர தொடக்கத்தில. அதுக்குப் பக்கத்திலயே கிடந்த அதைவிடப் பெரிய கிராஸ்பெர்க் அம்பிட்டது 1988 இல.

ஸ்கேனர் கதைக்கு வாறன், எனக்கு விசர் வாறது இதிலதான். புதையல் தோண்டுற கோஷ்டியள் கொண்டு திரியிற சாமான்தான் இது. கல்லுக்குள்ள தங்கம் இருந்தாலும் தொன்னுக்கு ஒரு கிராம் ரெண்டு கிராம் எண்டுதான் இருக்கும், அதை எந்த மெற்றல் டிடெக்டரும் காணாது. ஒரு கிராம் எண்டாலே பெரிய திறந்த சுரங்கங்களில கணக்குப் பாத்து வெட்டுவினம். ஒரு பவுண் எடுக்க எட்டுத் தொன் கல்லை மாவாக்கோணும், கிட்டத்தட்ட ஒரு டிப்பர் லோட். ஸ்கேனர் கத்தினது எங்கட பாறையிலயும் கிரவல் மண்ணிலயும் கிடக்கிற இரும்புக்கு. இப்ப துப்பாக்கி மாதிரி எக்ஸ்ரே மெஷினும் கொண்டு வருகினம், அது செம்புக்குப் பரவாயில்லை, தங்கம் எண்டு காட்டினா நம்பாதேங்கோ, வேற உலோகத்தையும் தங்கமாக் காட்டும்.

மாதிரி எடுத்து லாப்புக்கு அனுப்பினா றிப்போட் வரும்தானே எண்டுவியள். வரும், ஆனா கல்லு ஆற்ற கையால போனது? இந்தோனேசியாவில பூசாங் எண்ட இடத்தில, பிரெ-எக்ஸ் எண்ட கனடாக் கம்பெனி உலகத்திலயே பெரிய தங்கம் எண்டு சொல்லி 600 கோடி கனடா டொலர் மதிப்புக்கு ஏறினது. பங்குக்கு வர இருந்த கம்பெனி பழைய குழிக்குப் பக்கத்தில தானே துளைச்சுப் பாத்தா ஒண்டும் இல்லை, லாப்புக்குப் போக முதல் ஆரோ கல்லுத்தூளில தங்கப்பொடியைக் கலந்திருந்தவை. 1997 இல எல்லாம் கவிண்டுது. அவ்வளவு பெரிய ஆக்களையே ஏமாத்தினா உங்கட ஷொப்பிங் பேக்குக்குள்ள அரைக் கிராம் போடுறது ஒரு வேலையோ? நீங்களே உடைச்சு, பாதியை வீட்டில வைச்சிட்டு, மற்றப் பாதியை சீல் வைச்சு நீங்களே குடுங்கோ.

சட்டம் சுருக்கமா. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி காணி உங்கட, கீழ கிடக்கிற கனிமம் அரசாங்கத்தின்ர. தேடுறதுக்கு அனுமதி குடுக்கிறது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். உண்மையான கம்பெனி எண்டா தன்ர காசில அனுமதி எடுத்து, அதின்ர பிரதியோட வந்து உங்களிட்ட விடும்படி கேக்கும், உங்களிட்டக் காசு கேக்காது. உங்கட காணி பெர்மிட் காணியா இருந்தா இன்னும் மோசம், பிரதேச செயலாளரின்ர அனுமதி இல்லாமல் விக்கவோ கைமாத்தவோ ஏலாது, அதுக்கு அற்றோணி எழுதினா கடைசியில பெர்மிட்டும் போகும். சனம் ஏன் தரகரிட்டப் போகுது எண்டும் எனக்கு விளங்குது. ஒரு கல்லு என்ன கல்லு எண்டு கேக்க ஒரு கந்தோருக்குப் போனா இந்த மேசை அந்த மேசை எண்டு அலைய விடுவினம், தமிழில ஒரு பதில் எடுக்கிறதுக்குள்ள கிணறே வத்திடும். அந்த இடைவெளியிலதான் உவை சம்பாதிக்கினம்.

ஒண்டு மட்டும் கவனம். நான் சொன்ன அந்தக் காக்காப்பொன்னும் அதோட சேந்த கறுப்புக் கனிமங்களும் கூடினா பல்லையும் எலும்பையும் பழுதாக்கிற ஃப்ளோரைட்டைத் தண்ணிக்குள்ள விடும், வவுனியாப் பக்கக் கிணத்துத் தண்ணியில இது தெரிஞ்ச பிரச்சினை. பிள்ளையள் குடிக்க முதல் நீர் வழங்கல் சபையில ஒரு போத்தல் தண்ணி குடுத்து ஃப்ளோரைட்டும் உப்பும் பாருங்கோ, அதுக்கு மூண்டு லட்சம் தேவையில்லை.