கிராண்ட் நேஷனல்: எந்தக் குதிரையைப் பார்ப்பது?

கேள்வி: இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கம் எயின்ட்ரீயில் ஏப்ரலில் நடக்கும் வேலி தாண்டும் குதிரைப் பந்தயமான கிராண்ட் நேஷனலின் பட்டியலில், குதிரையின் பெயரருகே ‘31பி-2எஃப்1’ என்று இருக்கிறதே, எப்படிப் படிப்பது? (திருச்சி வாசகர்)

பதில்: இடமிருந்து வலமாக. வலக்கோடியில் இருப்பது கடைசி ஓட்டம். எண் என்றால் வந்த இடம். சிறு கோட்டுக்கு இடப்பக்கம் போன சீசன். ‘பி’ என்றால் ஜாக்கியே பாதியில் நிறுத்திக்கொண்டார், ‘எஃப்’ என்றால் குதிரை விழுந்தது, ‘யு’ என்றால் ஜாக்கி மட்டும் விழுந்தார்.

எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்த வேலியில் விழுந்தது என்று பந்தயக் குறிப்பில் தேடுங்கள். முதல் வேலியிலேயே காலைத் தட்டிக்கொண்ட குதிரை வேறு. 3 மைல் ஓடி, முன்னணியில் இருந்தபடி கடைசி வேலியில் களைத்து விழுந்தது வேறு. முன்னதற்குத் தாண்டல் சரியில்லை, பின்னதற்கு மூச்சு போதவில்லை. ‘பி’ வந்த நாளில் தரை சேறாக இருந்ததா என்றும் பாருங்கள். பல குதிரைகளுக்குச் சேறு ஆகாது.

கேள்வி: நல்ல குதிரைதான் ஜெயிக்கும் என்றால் பந்தயம் எதற்கு? சிறந்த குதிரை இங்கே தோற்பது ஏன்? (மதுரை வாசகர்)

பதில்: எடை. இது ஹேண்டிகேப் பந்தயம். திறமை கூடிய குதிரைக்குச் சுமையும் கூடும். 1973-ல் கிரிஸ்ப் என்ற குதிரை 12 ஸ்டோன் (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு), அதாவது 76 கிலோ சுமந்து வெகுதூரம் முன்னே ஓடியது. அதைவிட 23 பவுண்டு குறைவாகச் சுமந்த ரெட் ரம், முடிவுக் கோட்டருகே முக்கால் குதிரை நீளத்தில் முந்திவிட்டது.

கணக்கு எளிது. நெடுந்தூரத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ ஒரு குதிரை நீளம். சம எடையில் 5 நீளத்தில் ஜெயித்த குதிரை இப்போது 8 பவுண்டு கூடுதலாகச் சுமந்தால், தாளில் அது 3 நீளம் பின்தங்க வேண்டும். தரையும் தூரமும் மாறினால் இந்தக் கணக்கும் ஆட்டம் காணும்.

எடைகள் பிப்ரவரியிலேயே அறிவிக்கப்படும். அதற்குப் பிறகு ஜெயித்தாலும் சுமை ஏறாது. கவனிக்க வேண்டிய ஓட்டை இதுதான். 2024-ல் ஐ ஆம் மாக்சிமஸ், 2025-ல் நிக் ராக்கெட் இரண்டும் அந்தந்தப் பிப்ரவரியில் அயர்லாந்தின் பாபிஜோ சேஸ் என்ற பந்தயத்தில் ஜெயித்துவிட்டே இங்கே வந்தன. சுமந்தது முறையே 11 ஸ்டோன் 6, 11 ஸ்டோன் 8 பவுண்டு. ஆகவே ‘11 ஸ்டோனுக்கு மேல் தொடாதே’ என்ற பழைய விதியை மறந்துவிடலாம். 2024-லிருந்து 34 குதிரைகள்தான் ஓடலாம், குறைந்தபட்சத் தரமதிப்பும் (குதிரையின் திறமைக்குத் தரும் மதிப்பெண்) 130. இலேசான சுமைக்காரர்கள் உள்ளே வருவதே அரிது.

கேள்வி: தூரம் தாங்குமா என்று முன்கூட்டியே தெரியுமா? (சேலம் வாசகர்)

பதில்: ஓரளவு தெரியும். மொத்தம் 4 மைல் 2 ஃபர்லாங்குக்குச் சற்று மேல், 30 தாண்டல். 3 மைலுக்கு மேற்பட்ட பந்தயங்களின் வீடியோவில் கடைசி இரண்டு வேலிகளை மட்டும் பாருங்கள். அங்கே மற்றவற்றைப் பிடித்து முன்னேறி வருகிறதா, கழுத்து தொங்கிப் பின்தங்குகிறதா? மூன்றாவதாக வந்தாலும் முன்னேறி வந்ததே எனக்கு வேண்டிய குதிரை. எயின்ட்ரீயில் கடைசி வேலியைத் தாண்டியும் 494 கெஜம் ஓடியாக வேண்டும். கிரிஸ்ப் பிடிபட்டது அங்கேதான்.

கேள்வி: ஏழு வயதுக் குதிரையை நம்பலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: 2022-ல் நோபிள் யேட்ஸ் ஜெயித்தது. அதற்கு முன் 1940. எனக்கு எட்டு, ஒன்பது வயதுதான் பிடிக்கும்.