லயன் முகவரியைக் கண்டால் ஏஐ ஒதுக்குமா?

கேள்வி: அக்கா, நான் மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, லயன் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, கணக்கியல் டிப்ளோமாவும் முடித்துவிட்டேன். கொழும்பு நிறுவனங்களுக்கு ஒன்லைனில் 14 விண்ணப்பம் போட்டேன். ஒன்றை இரவு 11.40க்கு அனுப்பினேன், 11.44க்கு 'வருந்துகிறோம்' என்று ஈமெயில் வந்துவிட்டது. லயன் முகவரியைப் பார்த்து ஏஐ ஒதுக்குகிறதா? கொழும்பு மாமா வீட்டு முகவரியைப் போடச் சொல்கிறார் அண்ணன். போடலாமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, நடுராத்திரியில் நான்கு நிமிடத்துக்குள் மனுசர் யாரும் வாசித்துப் பதில் எழுதியிருக்க மாட்டார். ஏஐயாக இருக்கலாம். '2 வருட அனுபவம் உண்டா' என்பது மாதிரிக் கேள்விக்கு நீங்கள் 'இல்லை' அழுத்தியதால் தானாகக் கழிந்தும் இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அமேசான் நிறுவனம் 2014இல் விண்ணப்பங்களுக்குப் புள்ளி போடும் ஏஐ ஒன்றைச் செய்யத் தொடங்கியது. 10 வருடம் வந்த விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவி' என்று இருந்தாலே அது புள்ளியைக் குறைத்தது. திருத்திப் பார்த்தார்கள். வேறு எதையாவது பிடித்துக்கொண்டு திரும்ப அப்படியே பிரிக்காது என்று உறுதி சொல்ல முடியாமல் கடைசியில் கைவிட்டார்கள். 2018இல் ரொய்ட்டர்ஸ் இந்தச் செய்தியை வெளியிட்டது.

நம்மைப் பிரிக்க முகவரி ஒன்றே போதும். படிவத்தில் இனம் என்ற கட்டமே வேண்டாம். தோட்டத்தின் பெயர், 'கீழ்ப்பிரிவு', இலக்கமில்லாத வீடு... நாம் யாரென்று அதுவே சொல்லிவிடும்.

இதில் மெஷினை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் தலவாக்கலைப் பக்கம் லயனில் பிறந்தவள்தான். கொழும்பில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் 19 வருடம் இருந்தேன். ஒருமுறை கணக்கு உதவியாளர் வேலைக்கு ஆள் தெரிந்த பிறகு, ஒதுக்கிய விண்ணப்பக் கட்டைத் திரும்பப் புரட்டினேன். ஹட்டன், பொகவந்தலாவை, லிந்துலை என்று எல்லாம் தோட்டப் பக்கம். ஒவ்வொன்றின் மூலையிலும் என் கையெழுத்தில் 'தூரம்' என்று இருந்தது. அதே நாள் மாத்தறைப் பிள்ளை ஒருவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஹட்டனைவிட மாத்தறை கிலோமீற்றர் கணக்கில் தூரம்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் சனத்தின் மேல் எனக்கு வெறுப்பா? சத்தியமாக இல்லை. இருந்தும் கை அப்படித்தான் பிரித்திருக்கிறது. அந்த மாதிரிக் கட்டுகளைத்தான் இன்றைக்கு ஏஐக்குப் பாடமாகக் கொடுக்கிறார்கள். 'தூரம்' என்ற சாக்குகூட அதற்குத் தேவையில்லை. தோட்டம் என்றால் ஒதுக்கு என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

சரி, மாமா வீட்டு முகவரி? போடாதீர்கள். பிறகு கிராம சேவகர் சான்றிதழ் கேட்கும்போது பொருந்தாவிட்டால், பொய் சொன்ன பிள்ளை என்ற பெயர் வரும். அதற்குப் பதிலாக மேலே முதல் வரியிலேயே 'கொழும்பில் தங்கி வேலை செய்யத் தயார், ஒரு மாதத்துக்குள் சேரலாம்' என்று எழுதுங்கள். என்னைப் போன்றவர்கள் 'தூரம்' என்று எழுத அங்கே இடமிருக்காது. விளம்பரத்தில் கேட்ட மென்பொருள் உங்களுக்குத் தெரிந்தால், அதே பெயரை அப்படியே போடுங்கள். நான்கு நிமிடத்தில் பதில் அனுப்பிய அந்த நிறுவனத்துக்கும் மரியாதையாக ஒரு ஈமெயில் போடுங்கள்: என் விண்ணப்பத்தை ஒரு ஆள் பார்த்தாரா, பார்க்காவிட்டால் தயவுசெய்து பார்ப்பீர்களா? தானியங்கி முறையில் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை, 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

கேள்வி: பண்டாரவளையில் விடுதி நடத்துகிறேன். 6 பேரை எடுக்க 90 விண்ணப்பம் வந்திருக்கிறது. ஏஐ மென்பொருள் வாங்கலாமா, பாகுபாடு வராதே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஐயா, 90ஐ இரண்டு பின்னேரத்தில் நீங்களே வாசித்துவிடலாம். பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு வாசியுங்கள், நேர்முகத்தில் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். அந்த 'தூரம்' கட்டுக்குப் பிறகு நான் பழைய கலண்டர் அட்டையில் ஒரு பட்டை வெட்டி, அதை வைத்து மறைத்துத்தான் வாசித்தேன். முதல் வருடமே தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர் நேர்முகத்துக்கு வந்தார்கள்.