பதில்: பேச்சிப்பாறைத் தூசியில் 31.7 டிகிரி உச்சம் ஏன்?

அது ஹாலைட், அதாவது கடல் உப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆலையே இல்லாத பேச்சிப்பாறையில், தூசி பிடிக்க மாடியில் வைத்த வடிதாளில் இது எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்ஆர்டி என்பது எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டு எந்தக் கோணத்தில் வலுவாகச் சிதறுகிறது (அதுதான் உச்சம்) என்று பார்த்துக் கனிமத்தை அடையாளம் காணும் கருவி. தாமிரக் குழாய் வைத்த எக்ஸ்ஆர்டியில் 31.7 டிகிரி ஹாலைட்டின் முதன்மை உச்சம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக மலைக்கு ஏறுகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் துகளாக அதோடு வரும். ஜூன் முதல் செப்டம்பருக்குள் எடுத்த மாதிரி என்றால் இதற்கே வாய்ப்பு அதிகம்.

26.6 டிகிரியில் குவார்ட்ஸ் (மணலின் கனிமம்), 12.3-இல் கயோலினைட் (ஒரு களிமண் கனிமம்) என்று நீங்கள் குறித்தவை உள்ளூர் மண். நம் மலைகளின் சார்னோக்கைட், கோண்டலைட் பாறைகள் மட்கினால் இவைதான் மிஞ்சும்.

உறுதிசெய்ய:

1. மாதிரியில் பாதியைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, காயவைத்து மறுபடி எக்ஸ்ஆர்டியில் ஓட்டுங்கள். 31.7 மறைந்தால் உப்புதான்.
2. அலசிய நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள்; வெண்மையாகத் திரிந்தால் குளோரைடு.
3. வெறும் வடிதாள் ஒன்றையும் இதேபோல் சோதியுங்கள். கை வியர்வையிலும் உப்பு உண்டு, இதை யாரும் கவனிப்பதில்லை.

ஒன்று மட்டும் கவனம். இந்த முடிவை வைத்து 'மாசற்ற காற்று' என்று எழுதிவிடாதீர்கள். புகைக்கரிக்குப் படிக ஒழுங்கு கிடையாது, அதனால் எக்ஸ்ஆர்டியில் தெளிவான உச்சம் தராது. வடிதாள் கறுத்திருந்தால் கரியைத் தனியாக அளக்க வேண்டும். அப்புறம், உச்சத்தின் உயரத்தை அப்படியே சதவீதமாக மாற்றாதீர்கள். குவார்ட்ஸ் கொஞ்சம் இருந்தாலே ஓங்கி நிற்கும்.