தொழிற்சாலை வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் உற்பத்தித்திறனும் போட்டித்திறனும் கூடுமா, குறையுமா?

உற்பத்தித்திறன் பெரும்பாலும் கூடும். குறைந்தபட்சம் கூடியதாகக் கணக்கில் தெரியும். போட்டித்திறன் வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வருகிறது.

கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் 14 ஆண்டுகள் இருந்தேன். நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு சிறு பவுண்டரி, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் பட்டறை இருந்தது. 40 பேர் வேலை செய்தார்கள். சீனாவிலிருந்து வந்த விலைப்புள்ளி எங்கள் அடக்கவிலையைவிட நன்றாகவே குறைவு. பவுண்டரியை மூடிவிட்டு, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரின் வார்ப்புகளை அங்கிருந்து வரவழைக்கத் தொடங்கினோம். விலை பேசிய குழுவில் நானும் ஒருவன். அதனால் பழியைப் பிறர் மேல் போட எனக்கு உரிமை இல்லை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினார்கள். ஆள் ஒருவருக்கான விற்பனை ஜிவ்வென்று ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? மணலிலும் புகையிலும் நின்ற 40 பேரைக் கணக்கிலிருந்து எடுத்தாயிற்று, விற்பனை அப்படியே இருக்கிறது. மிச்சமிருந்தவர்களில் ஒருவர்கூட முன்பைவிட வேகமாக ஒரு திருகை முடுக்கவில்லை. கைதட்டினோம்.

நாடு முழுவதற்குமான கணக்கிலும் இதே மயக்கம் உண்டு. உள்நாட்டில் 100 ரூபாய்க்கு வாங்கிய பாகத்தை வெளிநாட்டில் 70 ரூபாய்க்கு வாங்கினால், அந்த விலைச் சரிவு விலைக் குறியீட்டில் சரியாகப் பதிவாவதில்லை. குறைந்த மூலப்பொருளை வைத்துக்கொண்டு அதே அளவு சரக்கைச் செய்ததுபோல் புள்ளிவிவரம் காட்டிவிடுகிறது. பொருளியலாளர் சூசன் ஹவுஸ்மனும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்காட்டியது: 1997 முதல் 2007 வரை அமெரிக்க உற்பத்தித் துறையின் பன்முகக் காரணி உற்பத்தித்திறன் (ஆள், இயந்திரம், மூலப்பொருள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு) வளர்ச்சி, ஆண்டுக்கு 0.1 முதல் 0.2 சதவீதப் புள்ளி வரை மிகையாகக் கணக்கிடப்பட்டிருந்தது.

அதற்காக எல்லாமே கணக்கு மாயம் என்று தள்ளிவிடவும் முடியாது. பொருளியலாளர்கள் மேரி அமிட்டியும் ஷாங்ஜின் வெய்யும் 1992 முதல் 2000 வரையிலான அமெரிக்கத் தரவுகளைப் பார்த்தார்கள். உற்பத்தித் துறையின் தொழிலாளர் உற்பத்தித்திறன் வளர்ச்சியில் சுமார் 10 சதவீதத்துக்குக் காரணம் சேவைப் பணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பியது; மூலப்பொருள்களையும் பாகங்களையும் வெளிநாட்டில் வாங்கியதன் பங்கு சுமார் 5 சதவீதம்தான். பாகங்களை அனுப்பியதைவிடச் சேவைகளை அனுப்பியதில் ஆதாயம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். எனக்கு அது வியப்பாக இல்லை.

எங்கள் பவுண்டரியில், வார்ப்புக்கான மாதிரி வடிவத்தைச் செய்யும் பேட்டர்ன் பிரிவில் ஒரு மேஸ்திரி இருந்தார். புதிய வரைபடம் வந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வடிவமைப்புப் பிரிவின் இளம் பொறியாளரைக் கூப்பிடுவார். “தம்பி, இந்த மூலைக்கு இரும்பு போய்ச் சேருவதற்குள் இறுகிவிடும். ஒரு நூல் கனம் கூட்டிக் கொடுங்கள்.” அன்று மாலையே பேட்டர்ன் மாறும், மறுநாள் ஊற்றுவார்கள், இரண்டொரு நாளில் பம்பு சோதனை மேடைக்குப் போய்விடும். இறக்குமதி வார்ப்பில் காற்றுக்குழிகள் தென்பட்டபோது கதையே வேறு. படம் எடுத்து மின்னஞ்சல் அனுப்பி, தவறு எங்கள் வரைபடத்திலா அவர்கள் ஊற்றிய முறையிலா என்று வாதாடி முடிப்பதற்குள், அதே குறையோடு இன்னும் இரண்டு கன்டெய்னர்கள் கடலில் வந்துகொண்டிருந்தன. விற்பனையாளர்கள் கேட்ட அளவில் சரக்கு இல்லை. கேட்காத அளவு கிடங்கு நிறையக் கிடந்தது. இதற்குப் பிறகு, இறக்கையின் கோணத்தைச் சற்று மாற்றிப் பார்க்கலாமா என்று பேச்செடுக்கவே எவரும் துணியவில்லை. போட்டி நிறுவனங்கள் மாற்றிக்கொண்டிருந்தன.

இதன் மறுபக்கத்தை அமெரிக்காவின் லூயிவில் நகரில் பார்க்கலாம். ஜெனரல் எலெக்ட்ரிக் கட்டிய வீட்டுச் சாதனத் தொழிற்சாலை வளாகம் அங்கே இருக்கிறது. 1973இல் 23,000 பேர் வேலை செய்த இடம், 2011இல் 2,000க்கும் கீழே வந்துவிட்டது. சீனாவில் செய்யவைத்த ஜியோஸ்பிரிங் என்ற தண்ணீர் சூடாக்கியை 2012இல் அங்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். வடிவமைத்தவர்களும் பாகங்களைப் பூட்டுகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே செப்புக் குழாய்கள் சிக்கு விழுந்த நூல்கண்டுபோல் கிடந்தன. பற்றவைக்கக் கை நுழையாத இடம். அந்தச் சிக்கை எடுத்துவிட்டு வடிவத்தையே மாற்றினார்கள். மூலப்பொருள் செலவு 25 சதவீதம் குறைந்தது. சீனாவில் 10 மணி நேரம் பிடித்த வேலை 2 மணி நேரத்தில் முடிந்தது. 1,599 டாலருக்கு விற்றதை 1,299 டாலருக்கு விற்க முடிந்தது. சீனத் தொழிலாளிக்குத் திறமை குறைவு என்பதல்ல இதன் பொருள். அவர் சொல்லியிருந்தாலும் கேட்க வேண்டியவர் பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் கதை விடுகிறேன் என்று ஆகும். 2016இல் அந்தச் சாதனப் பிரிவையே 500 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து சீனாவின் வீட்டுச் சாதன நிறுவனமான ஹையர் வாங்கிக்கொண்டது. போதிய விற்பனை இல்லை என்று அதே ஆண்டில் ஜியோஸ்பிரிங்கின் தயாரிப்பையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். வேலை ஊருக்குத் திரும்பினால் மட்டும் பொருள் விற்றுவிடாது.

ஆகவே, உங்கள் நிறுவனம் எதையாவது அனுப்பப்போகிறது என்றால் கூலி வித்தியாசத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பாகத்தின் வடிவம் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை மாறியது, யார் சொல்லி மாறியது என்று கேளுங்கள். எங்கள் பம்புகளுக்கான பேரிங்குகளில் பாதி அப்போதும் வெளிநாட்டுச் சரக்குதான். அளவு, தரம் எல்லாம் உலகம் முழுவதும் ஒன்றே என்பதால் யாருக்கும் யாரிடமும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை, ஒருநாளும் தொல்லையும் இல்லை. இம்பெல்லரையும் அதே பட்டியலில் எழுதியதுதான் நாங்கள் செய்த தவறு.