தொண்ணூற்றொன்பதில் நிற்கும் பச்சைக் கோடு: வரி மென்பொருள் கேள்வி-பதில்

வரிக் கணக்கு தாக்கல் செய்யும் காலம் நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் குரலே மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் ‘எந்தக் கணினி வாங்கலாம்?’ என்று நிதானமாகக் கேட்பவர்கள்கூட இப்போது ‘உடனே பதில் தேவை’ என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் உடனே பதில் சொல்ல எது வேண்டுமோ அது மட்டும் கடிதத்தில் இருப்பதில்லை. ‘ஏதோ ஓர் எண் வந்தது, மூடிவிட்டேன்’ என்று எழுதுகிறார்கள். மருத்துவரிடம் போய்க் கையை நீட்டாமல் நாடி பார்க்கச் சொன்னால் எப்படி? பிழைச் செய்தி வந்தால் மூடுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இனி கேள்விகள்.

வரி மென்பொருளை நிறுவும்போது பச்சைக் கோடு கடைசிவரை ஓடிவிட்டு, பிறகு பின்னோக்கி வந்து, ‘1603’ என்ற எண்ணுடன் நின்றுவிடுகிறது. மூன்று முறை முயன்றுவிட்டேன். இதற்கு என்ன அர்த்தம்?

‘ஏதோ நடந்தது, வேலை முடியவில்லை’ என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. விண்டோஸின் நிறுவல் பகுதி எந்தக் கோளாறில் சிக்கினாலும் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் காட்டும். காய்ச்சல் என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. கோடு பின்னோக்கி வருவது, அதுவரை எழுதியதையெல்லாம் கணினி அழித்துக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். பாதி அழிந்த கோப்புகள்தான் அடுத்த முயற்சிக்கும் குறுக்கே நிற்கும்.

நான்காவது முறையும் அதையே செய்வதால் பயனில்லை. முதலில் கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். ‘ஷட் டவுன்’ கொடுத்து மீண்டும் போடுவது இதற்கு ஈடாகாது. விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியால், அணைத்தாலும் உள்கட்டமைப்பின் ஒரு பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுபடி எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் உண்மையான புதுத் தொடக்கம்.

அதற்கும் மசியவில்லையென்றால் நிறுவல் குறிப்பேட்டைப் பாருங்கள். விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் சிறு பெட்டியில் ‘டெம்ப்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில், இருபுறமும் சதவீதக் குறியோடு தட்டச்சு செய்யுங்கள். தற்காலிகக் கோப்புறை திறக்கும். அதைத் தேதி வாரியாக அடுக்கினால், சற்றுமுன் உருவான ‘லாக்’ கோப்பு பெரும்பாலும் மேலே இருக்கும். அதை நோட்பேடில் திறந்து, ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற ஆங்கிலத் தொடரைத் தேடுங்கள். அதற்குச் சில வரிகள் மேலேதான் உண்மையான காரணம் எழுதியிருக்கும்: இந்தக் கோப்புறையில் எழுத அனுமதி இல்லை, அந்தக் கோப்பைக் காணவில்லை என்பதுபோல. ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்டு மலைக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை பத்து வரிகள். அந்தப் பத்தையும் வெட்டி நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்பினால், ‘நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்’ என்ற கிளிப்பிள்ளைப் பதிலிலிருந்து தப்பிக்கலாம்.

எண் 1618 என்றால் கதையே வேறு. வேறொரு நிறுவல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்தான். அது முடியட்டும்.

தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் ஒரு மணி நேரமாக நிற்கிறது. கணினி இறந்துவிட்டதா?

இதே கோட்டின் முன் நானும் ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறேன். தேநீர் போட்டுக் குடித்தேன், திட்டினேன், வன்தட்டு பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். பிறகுதான் திரையின் அடியில் ஒரு கேடயச் சின்னம் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. ‘இந்த மென்பொருள் உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?’ என்ற கேள்வி மற்றச் சாளரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, என் பதிலுக்காக அத்தனை நேரம் காத்திருந்தது. ‘ஆம்’ என்றேன். பத்து நொடியில் வேலை முடிந்தது.

ஆகவே முதலில் எல்லாச் சாளரங்களையும் சிறிதாக்கிவிட்டுப் பாருங்கள். எக்செல்லை மூடச் சொல்லும் பெட்டிகூட இப்படி மறைந்திருப்பதுண்டு. அப்படி எதுவும் இல்லையென்றால் கணினியில் என்னென்ன ஓடுகின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வட்டுக்கு நேரே உள்ள எண் ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். அசைவு இருந்தால் உயிர் இருக்கிறது.

‘டாட்நெட் 3.5 தேவை’ என்கிறது. என்னிடம் 4.8 இருக்கிறது. பெரியதுக்குள் சிறியது அடங்காதா?

நியாயமான கேள்விதான், ஆனால் அடங்காது. டாட்நெட் என்பது பல மென்பொருள்கள் ஓடுவதற்கு அடியில் இருக்க வேண்டிய மைக்ரோசாஃப்டின் துணைப்பகுதி. அதில் 4 வரிசை வேறு, 3.5 வேறு. இரண்டும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருக்கும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் பெரும்பாலும் 3.5 இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். கண்ட தளங்களிலிருந்தெல்லாம் இறக்காதீர்கள். கன்ட்ரோல் பேனலில் ‘விண்டோஸ் வசதிகளை இயக்கு அல்லது நிறுத்து’ என்ற பட்டியலைத் திறந்தால் முதல் சில வரிகளுக்குள் அது இருக்கும். கட்டத்தில் குறியிட்டால், இணையத்திலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

கணினி வாங்கியதும் ஆசையாக என் பெயரைத் தமிழிலேயே பயனர் பெயராக வைத்தேன். எல்லா மென்பொருளும் ஓடுகின்றன. வரி மென்பொருள் மட்டும் ‘பாதை செல்லாது’ என்கிறது. பாதையில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்!

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. நீங்கள் செய்ததில் தவறே இல்லை. தவறு மென்பொருளை எழுதியவர்களுடையது.

நடப்பது இதுதான். கணக்கை உருவாக்கும்போது சாதனத்திலேயே இருக்கும் உள்ளகக் கணக்காக, தமிழ்ப் பெயரோடு உருவாக்கினால், விண்டோஸ் அதே பெயரில் ஒரு கோப்புறையைத் திறக்கிறது. தற்காலிகக் கோப்புகளும் மென்பொருள் அமைப்புகளும் அதற்குள்தான் போகும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறையை அறிந்த மென்பொருளுக்கு இது பொருட்டே இல்லை. பழைய முறையில் எழுதப்பட்டவை எழுத்துகளை 256 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலில் தேடும், கிடைக்காதபோது கேள்விக்குறி போட்டுவிடும். பிறகு அந்தக் கேள்விக்குறிப் பெயருள்ள கோப்புறையைக் காணவில்லை என்று நம்மிடமே புகார் சொல்லும்.

‘யூனிகோடு அல்லாத மென்பொருள்களுக்கான மொழி’ என்ற அமைப்பை மாற்றச் சொல்லி யாராவது அறிவுரை கூறுவார்கள். ருஷ்ய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் அது உதவும். தமிழுக்கு உதவாது. ஏனென்றால் விண்டோஸில் தமிழுக்கென்று அந்தப் பழைய வகைப் பட்டியல் எதுவும் கிடையாது. தமிழ் அங்கே நுழைந்ததே யூனிகோடு வழியாகத்தான்.

கணக்கின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். திரையில் தெரியும் பெயர்தான் மாறும், உள்ளே உள்ள கோப்புறை பழைய பெயரிலேயே இருக்கும். கோப்புறையின் பெயரைக் கையால் மாற்றப் போனால் கணக்கையே திறக்க முடியாமல் போகலாம். எளிய வழி, ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல், இரண்டாவது கணக்கு ஒன்றை உருவாக்குவது. அதற்கு நிர்வாகி உரிமை கொடுத்து, வரி மென்பொருளை அங்கே நிறுவுங்கள். உங்கள் தமிழ்க் கணக்கு அப்படியே இருக்கட்டும். நிறுவனத்துக்கும் ஒரு புகார் எழுதுங்கள், சும்மா விட வேண்டாம்.

நீலத் திரையில் ‘உங்கள் கணினியைப் பாதுகாத்தோம்’ என்று வருகிறது. ‘எப்படியும் இயக்கு’ என்பதை அழுத்தலாமா?

கோப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. அந்த எச்சரிக்கை ‘இதில் வைரஸ் இருக்கிறது’ என்று சொல்லவில்லை, ‘இதை அதிகம் பேர் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை’ என்கிறது. புதிய பதிப்பு வெளியான முதல் நாட்களில் நல்ல மென்பொருளுக்கும் இது வரும்.

கோப்பின் மீது வலது சொடுக்கி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பக்கத்தைப் பாருங்கள். அங்கே மென்பொருள் நிறுவனத்தின் பெயர் சரியாக இருந்து, கையொப்பம் செல்லுபடியாகிறது என்றும் இருந்தால் தாராளமாக இயக்கலாம். அந்தப் பக்கமே இல்லையென்றாலோ, கேள்விப்படாத பெயர் இருந்தாலோ அழித்துவிடுங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பல நேரம் விளம்பரம். நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போவதுதான் நல்லது.

வைரஸ் தடுப்பை முழுதும் அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் வழிகாட்டிகளை நான் மதிப்பதில்லை. அணைத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி போடுகிறார்கள்? அதன் விலக்குப் பட்டியலில் வரி மென்பொருளின் கோப்புறையை மட்டும் சேருங்கள்.

நிறுவிவிட்டேன். ஆனால் ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்கிறது. இணையம் நன்றாக வேலை செய்கிறது. பழைய மேசைக் கணினி.

திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கிறதா? பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி பழைய ஆண்டில் வாழ்ந்துகொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை.

தேதியைச் சரிசெய்தால் இன்று வேலை நடக்கும். மின்சாரத்தை நிறுத்தியதும் மறுபடி பழைய தேதிக்கே போனால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகை, 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் விட்டம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, நகத்தால் பக்கக் கொக்கியை லேசாக விலக்கினால் துள்ளி வெளியே வரும். கூட்டல் குறியுள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள்.

சென்ற ஆண்டின் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவலாமா?

இடம் இருந்தால் நீக்காதீர்கள். பல வரி மென்பொருள்கள் ஆண்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே வருபவை. சென்ற ஆண்டுக் கோப்பைப் புதியது இறக்குமதி செய்துகொள்ளும், ஆனால் திருத்திச் சேமிக்கப் பழையதுதான் வேண்டும். தாக்கல் செய்த கணக்கின் பிடிஎஃப் நகல் ஒன்றை எப்போதும் வெளியே எடுத்து வையுங்கள். எந்த மென்பொருளும் இல்லாமல் அதைப் படிக்கலாம்.

கணக்குக் கோப்பை, மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் கோப்புறையில் வைத்து வேலை செய்வதையும் தவிருங்கள். நீங்கள் சேமிக்கும் அதே நொடியில் அது நகலெடுக்க முனைந்தால் ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்ற செய்தி வரும். வேலை முடிந்தபின் நகலை அங்கே போடலாம்.

என்னுடையது விண்டோஸ் 7. ‘கம்பேட்டிபிலிட்டி’ முறையில் ஏமாற்றி நிறுவ முடியுமா?

முடியாது. அந்த முறை பெரும்பாலும் பழைய மென்பொருளைப் புதிய விண்டோஸில் ஓட்டத்தான். விண்டோஸ் 7க்கு வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு. வங்கி எண்ணையும் வருமான விவரத்தையும் அப்படிப்பட்ட கணினியில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் மென்பொருளுக்கு உலாவியிலேயே இயங்கும் பதிப்பு இருந்தால், புதிய கணினி ஒன்றில் அதைப் பயன்படுத்துங்கள்.

மேக் கணினியில் ‘சரிபார்க்க முடியாத மென்பொருள்’ என்று தடுக்கிறது. முன்பு கன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் திறந்ததே?

2024இல் வந்த மேக் இயங்குதளத்தின் செக்கோயா பதிப்பிலிருந்து அந்தக் குறுக்குவழி இல்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் ‘தனியுரிமையும் பாதுகாப்பும்’ பகுதிக்குப் போய்க் கீழே உருட்டினால் அனுமதிக்கும் பொத்தான் இருக்கும். கோப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இங்கும் உண்டு.

நிறுவ முடியாமல், இணையத்தில் தேடிக் கிடைத்த ‘உதவி எண்ணை’ அழைத்தேன். அவர் தொலைவிலிருந்தே என் கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொன்னார். நிறுவினேன். பிறகு வங்கிக் கணக்கில் உள்நுழையச் சொன்னபோது சந்தேகம் வந்து துண்டித்துவிட்டேன். பயப்பட வேண்டுமா?

வேண்டும். கணினியை உடனே இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் மீட்கும் வழி அதுதான். அந்தத் தொலைவுச் செயலியை நீக்கினால் மட்டும் போதாது. அவர் வேறென்ன வைத்துவிட்டுப் போனார் என்பது நமக்குத் தெரியாது. ஆவணங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸையே புதிதாக நிறுவுவதுதான் நிம்மதி. ஆனால் இவையெல்லாவற்றுக்கும் முன்னால், அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கியை அழையுங்கள். எனக்குக் கடிதம் எழுதியதே அதற்குப் பிறகுதான் இருந்திருக்க வேண்டும்.